மூளை ஸ்கேனில் வளையம் தெரிந்தால்: காரணத்தைத் தேடும் முறை

எம்ஆர்ஐ அறிக்கையில் "லீஷன்" என்ற சொல்லைக் கண்டவுடன் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த இடத்தில் திசு இயல்பாக இல்லை என்பதே அதன் பொருள். சீழ்க்கட்டி, காசநோய், நாடாப்புழு, புற்று, நரம்புறைச் சிதைவு (நரம்பிழையைப் போர்த்திய உறை கெடுவது) ஆகிய அனைத்துமே, படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியபின் வெள்ளை வளையமாகத் தெரியக்கூடும் என்பதால், படத்தை மட்டும் வைத்துக் காரணம் சொல்ல இயலாத நேரங்கள் உண்டு.

ஆகவே நோயாளியின் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். முதல் வலிப்பு என்றால் பாலிகிளினிக் கடிதத்துக்குக் காத்திராமல், சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள். நிபுணரைப் பார்க்கும்போது, காய்ச்சல், எடைக் குறைவு, காதில் சீழ், பல் தொற்று, வீட்டில் காசநோய், நீரிழிவு, ஊரில் தங்கிய காலம் ஆகியவற்றைத் தேதியுடன் எழுதிக் கொடுங்கள். "நாங்கள் சைவம், புழு எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் பலர்; ஆனால் பன்றி நாடாப்புழுவின் முட்டை, புழு உள்ளவரின் கழுவாத கைவழியாகவும் அசுத்தமான நீர், கீரை வழியாகவும் வயிற்றுக்குள் போகிறது. சிங்கப்பூர் மண்ணிலுள்ள மெலியாய்டோசிஸ் கிருமியும் அரிதாக மூளையில் சீழ்க்கட்டி உண்டாக்கும். நீரிழிவு உள்ளவர்கள் மண்வேலை செய்திருந்தால் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பிறகுதான் படம். வளையத்துக்குள் சிறு புள்ளி தெரிந்தால் அது புழுவின் தலையாக இருக்கலாம். வேலூர் மருத்துவர்களின் ஆய்வுகளிலிருந்து வந்த அளவுகோல்படி, 20 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஒற்றை வளையம் புழுவையும், அதைவிடப் பெரிய, ஒழுங்கற்ற வளையம் காசநோயையும் நோக்கிச் சாய்கிறது. இது சான்று மட்டுமே, தீர்ப்பு அல்ல. திசுவில் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ படத்தில் நடுப்பகுதி பளிச்சென்றிருந்தால் சீழை முதலில் நினைக்க வேண்டும். வளையம் ஒரு பக்கம் திறந்திருந்தால் நரம்புறைச் சிதைவுக்கு வாய்ப்பு அதிகம்.

ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது), எச்ஐவி சோதனை, மார்பு ஸ்கேன் ஆகியவை வழக்கமாகச் செய்யப்படுபவை. மூளையில் அழுத்தம் கூடியிருந்தால் முதுகுத்தண்டு நீர் எடுப்பது ஆபத்தாகலாம். மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரும் ஸ்டீராய்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும்: லிம்போமா என்னும் புற்று அம்மருந்தில் தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்சியில் (திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பதில்) விடை கிடைக்காமல் செய்துவிடும். எனவே பயாப்சிக்கு முன் அதைத் தள்ளிவைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஊரில் எடுத்த பழைய ஸ்கேனின் சிடி இருந்தால், அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல் அதையும் வரவழையுங்கள். ஐந்து ஆண்டுகளாக அளவு மாறாத புள்ளியையும் ஐந்து வாரத்தில் இரட்டிப்பான புள்ளியையும் கதிரியக்க நிபுணர் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.