முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு திறந்த அனுபவம்

புதிய நாட்டில் வந்து இறங்கியதும் என்னை அதிகம் வாட்டியது முகவரிச் சான்று. வாடகைக்கு வீடு கேட்டால், உள்ளூர் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றார்கள். வங்கிக்குப் போனால், வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். இப்படி மாறி மாறி அலைந்ததில் மனமே சோர்ந்துவிட்டது.

கடைசியில் அலுவலகத்தில்தான் வழி கிடைத்தது. நான் அங்கே வேலை செய்வதையும், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் முகவரியையும் குறிப்பிட்டு மனிதவளத் துறையிடம் ஒரு கடிதம் வாங்கினேன். கடிதம் அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட தாளில், கையொப்பத்தோடும் தேதியோடும் இருக்க வேண்டும், அது முக்கியம். வேறொரு வங்கியில் விசாரித்தேன். பாஸ்போர்ட், விசாவுடன் அந்தக் கடிதம் போதும் என்றார்கள். கணக்கு திறந்தாயிற்று, அப்புறம் வீடும் அமைந்தது. மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் இப்படிக் கடிதம் தருவதுண்டு. எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி மாறும். ஓர் இடத்தில் மறுத்தால் தயங்காமல் அடுத்த இடத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, சொந்த நாட்டு சிம்மை உடனே ரத்து செய்துவிடாதீர்கள். பழைய வங்கிக் கணக்கின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருமா என்று கிளம்பும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.