காரைக்குடியிலிருந்து மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில்தான் பெரும்பாலும் எனக்கு போன் வரும். "தம்பி, சிங்கப்பூருக்கு டிக்கெட் வியாழக்கிழமைதான். நடுவுல மூணு நாள் கிடக்கு. பிள்ளைகளுக்கு யானை காட்டணும்." ஆச்சி பேச்சை முடிப்பதற்குள் பட்டியலும் வந்துவிடும்: கொடைக்கானல், மூணாறு, தேக்கடி, முடிந்தால் வால்பாறை. பதினெட்டு வருடமாகக் காரைக்குடியில் வேன் ஓட்டுகிறேன். அந்தப் பட்டியலை அப்படியே ஓட்டிக் கொடுத்த காலமும் உண்டு. வாடகை நன்றாக நிற்கும். ஆனால் பிள்ளைகள் பார்த்தது என் முதுகையும் வாந்திப் பையையும்தான்.

அதனால் முதல் வேலை, பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். விலங்குகள் நடமாடுவது விடியலில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஊர் ஊராகப் போகிறவர்கள் அந்த நேரத்தில் சாலையில் இருப்பார்கள், அல்லது ஓட்டலில் பொங்கலுக்குக் காத்திருப்பார்கள்.

எந்த ஒன்று என்பதை மாதத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை 1,600 கிலோமீட்டர் நீளம். குஜராத் பக்கம் தொடங்கி கன்னியாகுமரி வரை வருகிறது. நமக்கு எட்டுவது அதன் தென்பாதி. மதுரை, தேனி வழியாகப் போனால் மேகமலை, தேக்கடி, மூணாறு. திண்டுக்கல், பழனி வழியாகப் போனால் டாப்ஸ்லிப், வால்பாறை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. அங்கே ஜூனிலேயே பிடித்துக்கொள்ளும். இங்கே வெயில் கொளுத்துகிறதே என்று ஜூலையில் கிளம்பினால் பனிமூட்டத்தையும் அட்டையையும் பார்த்துவிட்டு வரலாம்.

பிப்ரவரி, மார்ச்சில் மூணாறு கேட்டால் நானே வேண்டாம் என்பேன். வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை அந்தச் சமயத்தில் மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களில் போனால் வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்கு ஏற்றிவிடுவார்கள்; ஆடு பத்தடி தூரத்தில் நின்று மேயும். நம் மாநில விலங்கைக் கேரளாவில் போய்ப் பார்ப்பது கொஞ்சம் வேடிக்கைதான். குறிஞ்சிப் பூ இருக்குமா என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். 2018-ல் பூத்தது, இனி 2030.

ஏப்ரல், மே என்றால் தேக்கடி. இங்கிருந்து 220 கிலோமீட்டருக்குப் பக்கம். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்தபோது உண்டான ஏரி அது. மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன, உச்சியில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காயும். கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றுவதால் யானையும் காட்டுமாடும் மிளா மானும் கரைக்கு இறங்கும். காலை முதல் படகில் போங்கள், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பதினோரு மணிப் படகில் போனால் ஏரி மட்டும்தான் தெரியும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடாதீர்கள். 2009-ல் அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை என்றால் வால்பாறை. எனக்குப் பிடித்ததும் அதுதான், கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்கு ஒரு காலை பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் மரம் நிறைய நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் உட்கார்ந்திருக்கும். பறவைகள் பயப்படும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பைனாகுலரில் ஒரு பறவையைப் பிடித்து நிறுத்த நாலைந்து தடவை பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கத்தாமல் உட்காரவும் பழகலாம், பெரியவர்களும்தான்.

வால்பாறை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். விடிகாலை மூன்றரைக்கு வண்டி எடுத்தால்தான் வெளிச்சத்திலேயே நிதானமாக மேலே போய்ச் சேரலாம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கேட்கிறார்கள், பின்னால் வால்பாறைக்கும் வந்துவிட்டது. முதல் நாளே போனில் எடுத்துவிடுங்கள். தேக்கடி, மூணாறுக்கு வாடகை வண்டியில் போனால் கேரளா பர்மிட் போட்டாயிற்றா என்று டிரைவரிடம் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்கமாட்டோம்.

முந்தின ராத்திரி கோழி, மட்டன் வேண்டாம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு. காலையில் இரண்டு இட்லி, கையில் ஒரு எலுமிச்சம்பழம், பார்வை ஜன்னல் பக்கம் போகாமல் நேரே முன்னால். சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு: ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவதில் ஏறினால் இரண்டாவதில்தான் இறக்கம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி மலையில் கருகல் வாடை வரும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

சாப்பாட்டை எவர்சில்வர் தூக்கில் கொண்டுபோங்கள். தண்ணீருக்கும் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். பலகாரம் எதுவானாலும் மூடி வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஒருமுறை புதுத்தோட்டம் பக்கம் ஆச்சி ஒருவர் அதிரச டப்பாவை மடியில் திறந்து வைத்திருந்தார். ஜன்னல் வழியாக ஒரு கறுப்புக் கை வந்தது. அடுத்த நிமிடம் டப்பா மரத்தில் இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியும் வால் நுனியில் குஞ்சமும் உள்ள அந்தச் சிங்கவால் குரங்கு இந்த மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. அதிரச ருசி கண்டால் வண்டி வண்டியாகத் தேடிச் சாலைக்கு வரும், அடிபட்டுச் சாகும். அது சாலையை மேலேயே தாண்டட்டும் என்று பழைய தீயணைப்புக் குழாய்களை மரத்துக்கு மரம் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே போங்கள், சில நாள் குடும்பம் குடும்பமாக அதில் நடக்கும்.

உடை விஷயத்தில் ஒரு வார்த்தை. அரக்குச் சிவப்புக் கண்டாங்கி ஊரில் அழகு. காட்டுக்கு மண் நிறமும் பச்சையும் போதும். செண்ட் வேண்டாம். மழை பெய்திருந்தால் பேண்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். அட்டை ஏறிவிட்டால் பிய்க்காதீர்கள். கடைகளில் உப்பு, மூக்குப்பொடி என்பார்கள். நான் பார்த்ததில் வேகமாக வேலை செய்தது ஒரு அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்புதான். அட்டையின் மேல் ஒரு பொட்டு வைத்தார், சுருண்டு விழுந்தது.

வால்பாறையில் யானைக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகளுக்கு இடையில் அவை நடந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் கூட்டம் இருந்தால் சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் அங்கேயே திரும்புங்கள். ஹாரன் அடிப்பதும், செல்போனைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் கூடவே கூடாது. இருட்டினபிறகு அந்தச் சாலைகளில் நான் வண்டி எடுப்பதில்லை, எவ்வளவு கொடுத்தாலும்.

அப்புறம் இருவாச்சிப் பறவை. பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் தொப்பி வைத்த மாதிரி ஒரு கொண்டை. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும், அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் விட்டு. ஆண்தான் வாரக்கணக்கில் அத்திப்பழம் சுமந்து வந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். கூட்டைத் தேடி அலையாதீர்கள், பயந்தால் ஆண் பழத்தோடு திரும்பிப் போய்விடும். பழுத்த அத்தி மரம் எங்கே என்று டீக்கடையில் கேளுங்கள், சாலையிலேயே தள்ளி வண்டியை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். முதலில் சத்தம்தான் வரும், லாரி ஏர்பிரேக் விடுகிற மாதிரி ஒரு மூச்சு. பறவை பிறகுதான் தெரியும். போன தை மாதம் தேவகோட்டைக் குடும்பம் ஒன்று ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது. ஏழு வயதுப் பையன்தான் முதலில் கேட்டான். யாரிடமும் சொல்லாமல் என் சட்டையை மட்டும் இழுத்தான்.

திரும்பும்போது ஒரு நாள் மிச்சமிருந்தால் டாப்ஸ்லிப். வெட்டிய மரத்தை மேலிருந்து உருட்டிவிட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். பர்மா தேக்குத் தூணுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளில் பலபேர் தேக்கை இலையோடு பார்த்ததே இல்லை. அங்கே நிற்கிறது, தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மதியம் இரண்டு மணிக்குள் கிளம்பினால் பழனியில் டீ குடித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி வந்துவிடலாம்.