சபைக் குழுவின் சேவைக்குக் கருப்பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி?

வருஷத் தொடக்கத்தில் இளைஞர் ஐக்கியமோ பெண்கள் ஐக்கியமோ அன்பியமோ (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) கூடி, "இந்த வருஷம் என்ன தீம் வைக்கலாம்?" என்று பேசுவது கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல சபைகளில் வழக்கம். "அன்பு", "ஒளி" என்று ஏதோ ஒன்று முடிவாகும். பேனர் அடிப்பார்கள். முதல் ஆராதனையில் எல்லாருக்கும் உற்சாகமாக இருக்கும். கோடை வருவதற்குள் அது மறந்துவிடும். அந்தத் தலைப்பு யாரையும், எந்தக் கிழமையிலும், எந்த வீட்டுக்கும் போகச் சொல்லவில்லை என்பதுதான் காரணம். சேவைக்கான கருப்பொருள் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். புதிதாகக் குழுப் பொறுப்பு ஏற்றவர்கள் அதைத் தேடும் வழியைக் கீழே தருகிறேன்.

படி 1: ஜெபித்துவிட்டு ஊரைச் சுற்றுங்கள்

வசனத்தை இப்போதே தேட வேண்டாம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து உங்கள் சபையைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போங்கள். டீச்சர், நர்ஸ், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர், மீன் விற்கும் அம்மா என்று ஊரை அறிந்தவர்களிடம் பேசுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் அரிசி, புடவை என்றுதான் பதில் வரும். "இங்கே எந்த மாதம் ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள்.

நம் கரையில் கஷ்டத்துக்கு மாதம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதே ஜூனில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது. கடலூரின் மீனவ ஊர்களான தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ ஒரு தாய்க்கு இந்த இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நம் சாலை வழியாகத்தான் கடக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரும், கால் கொப்புளத்துக்கு மருந்தும், சற்று உட்கார நிழலும் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை ஆற்று வெள்ளமும் நமக்குத் தெரிந்தவைதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புது மரம் காய்ப்புக்கு வரப் பல வருஷம் ஆகும். நிவாரண வண்டிகள் சில வாரங்களில் திரும்பிவிடும், இழப்பு அங்கேயே இருக்கும். எல்லாரும் போன பிறகு மிஞ்சும் தேவைதான் உள்ளூர்ச் சபைக்கு உரியது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 2: உங்கள் கைக்கு எட்டுவதைப் பிரித்தெடுங்கள்

குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் அதிகம் என்றால் இரத்த தானம் நல்ல வேலை: 18 வயதும் குறைந்தது 45 கிலோ எடையும் வேண்டும், ஆண்கள் மூன்று மாத இடைவெளியிலும் பெண்கள் நான்கு மாத இடைவெளியிலும் தரலாம். வருஷம் முழுக்க அட்டவணை போட்டுவிடலாம். ஓய்வுபெற்றவர்கள் அதிகமா? அவர்களிடம் நேரமும் பொறுமையும் இருக்கிறது. நோயாளிகளைப் பார்க்கப் போவதற்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. பணம் எவ்வளவு என்பதைக் கடைசியாகப் பேசுங்கள்.

படி 3: இப்போது வேதாகமத்தைத் திறக்கலாம்

தேவை தெரிந்துவிட்டால் வசனம் தானாக முன்னால் வரும். வெள்ளத்துக்குப் பிந்தைய வேலை என்றால் லூக்கா 10. நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். "திரும்பி வருவோம்" என்று கருப்பொருள் வையுங்கள். வெள்ளம் வடிந்து மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக் கதவைத் தட்ட அது உங்களைக் கட்டாயப்படுத்தும்.

தனியாக இருக்கும் முதியவர்களைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது உங்கள் வேலையானால் மாற்கு 2. நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்து வருகிறார்கள், கூட்டம் வழிவிடவில்லை, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். விடியற்காலையில் பஸ் ஏறி, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருந்தோடு வீடு சேர்ப்பது வரைக்கும் இந்தப் பகுதி பேசும். ஒரு முதியவருக்கு நாலு பேர் பொறுப்பு என்று பிரித்தால் ஒருவருக்கு வேலை வந்தாலும் இன்னொருவர் போகலாம்.

படி 4: சொல்லிப் பாருங்கள்

கருப்பொருள் ஐந்து வார்த்தைக்குள் இருக்கட்டும், அதில் ஒரு வினைச்சொல் இருக்கட்டும். அப்புறம் இரண்டு சோதனை. ஒன்று, ஞாயிறு பள்ளிப் பிள்ளையிடம் சொல்லி, "நாம் என்ன செய்யப் போகிறோம்?" என்று கேளுங்கள். பிள்ளை விழித்தால் மாற்றுங்கள்.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். உதவி பெறப்போகிறவர் முன்னால் அதைச் சத்தமாக வாசிக்க முடியுமா? "ஏழைகளின் கண்ணீர் துடைப்போம்" என்பதை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. மாற்கு 2-ஐ எடுத்துக்கொண்டு "நாலு பேர் சுமப்போம்" என்றும் வைக்க முடியாது. நம் ஊரில் அது கடைசி ஊர்வலத்தை நினைவூட்டும், வயதானவர் மனம் நோகும். "கூட்டிக்கொண்டு போவோம்" என்று வையுங்கள். பாட்டியே சிரித்துக்கொண்டு, "எப்போ வர்றீங்க?" என்று கேட்பார்.

படி 5: முடிவெடுப்பது

இரண்டு மூன்று தலைப்புகளைக் கூட்டத்தில் வைத்து எல்லாரையும் பேசவிடுங்கள். வாய் திறக்காதவர்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 6: காலண்டரில் ஏற்றுங்கள்

தலைப்பு முடிவான அன்றே தேதியும் பெயரும் எழுத வேண்டும். லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) சேர்த்த காணிக்கை ஜூன் மாத நோட்டுப் புத்தகத்துக்கு, அறுப்பின் பண்டிகை அரிசி மழைக்கால வீடுகளுக்கு என்று சபையின் வருஷத்தோடு பிணையுங்கள். உதவி பெறுகிறவர் முகத்தைப் படம் எடுத்துப் போட வேண்டாம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6 தெளிவாகச் சொல்கிறது.

மூன்று மாதம் ஆனதும் உட்கார்ந்து பாருங்கள். வருகை குறைந்திருந்தால் கருப்பொருளை மாற்றாதீர்கள், வேலையின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து வீடு முடியவில்லையா, சரி, நாலு வீடு. அந்த நாலு வீட்டுக்கும் அடுத்து எந்தத் தேதியில் யார் போகிறார்கள் என்று எழுதிவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள்.