எல்லோநைஃபில் குளியலறை நாற்றம்: காரணம் கூரைமேல்

கனடாவின் வடக்கே எல்லோநைஃபுக்குக் குடிவந்த முதல் குளிர்காலம். வெளியே மைனஸ் 35 டிகிரி. குளியலறையில் சாக்கடை நாற்றம், தண்ணீரும் மெதுவாகத்தான் இறங்கியது. அடைப்பு நீக்கும் பவுடர் போட்டோம். பிளம்பர் கம்பி விட்டுப் பார்த்தார். அடைப்பே இல்லை.

அப்புறம்தான் மனைவி கவனித்தாள்: வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போதெல்லாம் குளியல்தொட்டி ‘களக் களக்’ என்றது. அதாவது, குழாய்க்குள் காற்று போகவில்லை. வடிகாலிலிருந்து மேலேறும் ஈரக்காற்று, கூரைக்கு வெளியே நீட்டியிருக்கும் காற்றுக்குழாயின் வாயில் உறைந்து அதை மூடிவிட்டிருந்தது. அதனால் இறங்கும் தண்ணீர், தொட்டிக்கு அடியிலுள்ள வளைவில் நாற்றத்தைத் தடுத்து நிற்கும் நீரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

கூரை வேலை தெரிந்தவரை ஏற்றி வெந்நீர் ஊற்றியதும் சரியாகிவிட்டது. அப்பாடா! பரணில் போகும் குழாய்க்கு இப்போது வெப்பக்காப்பு சுற்றியிருக்கிறோம்.