ஆச்சிகளே, அண்ணன்மாரே, அந்த ஹார்ட் மாத்திரையை இப்படிப் போடுங்கள்

காரைக்குடியில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். பென்ஷன் வந்த கையோடு வரும் பெரியவர்கள் "ரத்தம் கட்டாத மாத்திரை ஒரு அட்டை" என்பார்கள். அது ஆஸ்பிரின் 75 மில்லிகிராம்.

இதயத்துக்குப் போகும் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்தால், ரத்தத்தட்டுகள் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும். மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஒட்டச் சொல்லித் தூண்டும் திராம்பாக்சேன் என்ற பொருளைத் தட்டுகள் தயாரிக்க விடாமல் ஆஸ்பிரின் முடக்கிவிடும். முடங்கிய தட்டு அதன் ஆயுசு முடியும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, முடங்கினதுதான். தினம் கொஞ்சம் புதுத் தட்டுகள் பிறப்பதால்தான் தினம் ஒரு சின்ன மாத்திரை.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர் ஆகியோருக்குத்தான் இது பெரிய துணை. செட்டியாருக்கு எழுதிக்கொடுத்ததை முகப்பில் உட்கார்ந்து "எனக்கும் ரெண்டு குடு" என்று பக்கத்து வீட்டு ஆச்சி வாங்கிப் போடுவது எனக்குப் பிடிக்காது. 2018இல் வந்த ஆஸ்ப்ரீ ஆய்வில், இதயநோய் இல்லாத முதியவர்களுக்கு ஆஸ்பிரினால் மாரடைப்பு குறையவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. டாக்டர் சொல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பும் டப்பாவில் 81 என்று இருக்கும். 75-க்கும் 81-க்கும் வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். இதைவிட அடிக்கடி நான் பார்க்கும் குழப்பம் வேறு. அட்டையில் எகோஸ்பிரின் என்ற ஆஸ்பிரின் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் 'ஏவி' என்றிருந்தால் அதில் கொழுப்பு மாத்திரையும் அடங்கியிருக்கிறது; 'கோல்ட்' என்றால் கூடவே குளோபிடோக்ரல் என்ற இன்னொரு ரத்தம் கட்டாத மருந்தும் உண்டு. அதை வாங்கிவிட்டுப் பழைய தனி மாத்திரைகளையும் விழுங்கினால் மருந்து இரட்டிப்பாகும். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள், பிரித்துத் தருகிறேன்.

சாப்பிட்ட பிறகு, தினமும் ஒரே நேரத்தில், முழுசாக விழுங்குங்கள். வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையட்டும் என்று மேலே பூச்சு இருக்கிறது, உடைக்கக் கூடாது. மூட்டுவலிக்கு இபுபுரூஃபென் வாங்குவதற்கு முன் ஆஸ்பிரின் போடுவதைச் சொல்லுங்கள். அது ஆஸ்பிரினை வேலை செய்ய விடாது. பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த புதிதில் அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நெஞ்சு அழுத்தி, வியர்த்து, இடது கையில் வலி இறங்கினால் முதலில் 108. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால், 108-இல் பேசுகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு 300 மில்லிகிராம், அதாவது 75-இல் நாலு, மென்று விழுங்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சமயத்தில் மட்டும் மெல்லலாம், சீக்கிரம் ரத்தத்தில் சேரும். வாய் கோணி, கை விழுந்திருந்தால் கொடுக்கவே கூடாது. அது மூளை ரத்தக்கசிவாகவும் இருக்கலாம், ஸ்கேன் பார்க்காமல் தெரியாது.

மலம் தார் மாதிரி கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. டெங்கு காலத்தில் காய்ச்சல் வந்தால் அதை இறக்க ஆஸ்பிரினைத் தொடாதீர்கள், பாராசிட்டமால் போதும். தினமும் போடுகிறவர்கள் தொடர்வதா வேண்டாமா என்பதை அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.