கை கழுவிய பின் விழுங்கிய கேப்ஸ்யூல்

கணையத்தின் தலைப்பகுதியை எடுத்த விப்பிள் அறுவைக்குப் பிறகு மூன்று மாதமாக எடை இறங்கிக்கொண்டே போனது. மலம் வெளிறி, எண்ணெய் பூத்து மிதந்தது. இரண்டு முறை ஃபிளஷ் செய்தாலும் போகாது. இதை எப்படிச் சொல்வது என்ற கூச்சத்திலேயே ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

கணையம் குறைந்தால் கொழுப்பைச் செரிக்கும் நொதியும் குறையும். அதற்கான கேப்ஸ்யூல் என் கையில்தான் இருந்தது. நானோ, ரத்த அழுத்த மாத்திரையைப் போல, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு விழுங்கிக்கொண்டிருந்தேன்! உணவியல் நிபுணர் முதலில் கேட்டதே அதைத்தான். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று என்று மாற்றினார். சாதா தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். சூடு நொதியைக் கெடுத்துவிடும். பால் கலந்து ஆற்றிய தேநீரான தே தாரிக்கும் சாப்பாட்டுக் கணக்கில் சேரும், அதற்கும் கேப்ஸ்யூல் வேண்டும் என்றபோதுதான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் தினமும் இரண்டு குவளை குடிப்பவன் நான்.

இன்னொரு தவறு, டப்பாவைச் சமையலறை ஜன்னலோரம் வைத்தது. 25 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. சிங்கப்பூர் நண்பகலில் 31 டிகிரி சாதாரணம். இப்போது குளிர்சாதன அறையில் இருக்கிறது.

இரண்டு வாரத்தில் மிதப்பது நின்றது. எடை மெதுவாகத்தான் ஏறுகிறது.