1965 தண்டர்பேர்டா, ரிவியேராவா: வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ஃபோர்டு தண்டர்பேர்டும் பியூக் ரிவியேராவும் 1960-களில் அமெரிக்கச் சந்தையில் நேருக்கு நேர் மோதிய இரண்டு கதவுச் சொகுசுக் கார்கள். இரண்டிலும் 1965 மாடலையே எடுத்துக்கொண்டால் ஒப்பீடு நியாயமாக இருக்கும். தண்டர்பேர்டின் 390 கன அங்குல எஞ்சின் 300 குதிரைத்திறன் தரும்; ரிவியேராவின் 401 கன அங்குல எஞ்சின் 325 தருவதோடு, காரின் எடையும் ஏறத்தாழ 400 பவுண்டு குறைவு. புதியவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். வாங்கிய பிறகு கையைக் கடிப்பது துருவும் மின்சாதனங்களும் என்பதால், கீழ்க்கண்ட வரிசையில் பார்ப்பது நல்லது.

முதலில் வாகன எண்ணைப் (பதிவு எண் அல்ல, ஆலையில் காரில் பொறித்த VIN) படியுங்கள். தண்டர்பேர்டில் அது 5Y85Z என்று தொடங்கினால், 5 என்பது ஆண்டையும், Y விக்சம் ஆலையையும், 85 கன்வெர்டிபிளையும் (கூரையைத் திறந்து மூடக்கூடியது), Z எஞ்சினையும் குறிக்கும். 83 என்றால் நிலையான கூரை கொண்ட சாதாரண ஹார்ட்டாப். ரிவியேராவின் எண் எஞ்சினைச் சொல்லாது. ஆகவே, அந்த ஆண்டில் 3,354 மட்டுமே தயாரான 360 குதிரைத்திறன் கிரான் ஸ்போர்ட் வகை ரிவியேரா என்று விற்பவர் சொன்னால், பழைய ஆவணங்களைக் கேளுங்கள். பக்கவாட்டுச் சின்னத்தை யாரும் ஒட்டிவிடலாம்.

இரண்டாவது, துரு. இதற்கு அரை நாள் ஒதுக்கினாலும் தகும். தண்டர்பேர்டுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலே சட்டகம். எனவே தரைத்தகடும் கதவுக்குக் கீழுள்ள பகுதியும் அரித்திருந்தால், அது டிங்கரிங்கோடு முடியாமல் காரின் வலுவையே கேள்விக்குள்ளாக்கும். ரிவியேராவுக்கு எக்ஸ் வடிவத் தனிச் சேஸிஸ் உண்டு. காரைத் தூக்கி நிறுத்தி அதை முழு நீளத்துக்கும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைச் சக்கர வளைவுகளிலும் பின் கண்ணாடியின் கீழ் விளிம்பிலும் நகர்த்துங்கள். காந்தம் பிடிப்பை இழந்து வழுக்கும் இடத்தில், பெயிண்டுக்கு அடியில் பட்டி தடவியிருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, விளக்குகள். தண்டர்பேர்டின் பின்னால் ஒருவரை நிறுத்தி இண்டிகேட்டரைப் போடுங்கள்: அந்தப் பக்கத்து மூன்று விளக்குகளும் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக எரிய வேண்டும். இந்த ஏற்பாடு 1965-இல்தான் வந்தது. இதை இயக்குவது ஒரு சிறிய மோட்டார். ரிவியேராவில் ஹெட்லைட் சுவிட்சை இழுத்தால், முன்முனைக் கிரில்கள் சிப்பி போலத் திறந்து விளக்குகளைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் தாமதித்தாலும் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

அடுத்து ஓட்டிப் பாருங்கள். தண்டர்பேர்டில் முன் டிஸ்க் பிரேக் அந்த ஆண்டுமுதல் எல்லாக் காரிலும் உண்டு. ரிவியேராவில் நான்கும் டிரம். வளைவில் ரிவியேராவே தடுமாறாமல் திரும்பும்.

என்னைக் கேட்டால், முதல் சேகரிப்புக்கு ரிவியேராவையே சொல்வேன். திறந்த கூரைதான் வேண்டுமென்றால் தண்டர்பேர்டைத் தவிர வழியில்லை. 1965 ரிவியேரா அப்படி வரவே இல்லை. அந்தக் கூரையை மட்டும் விற்பவர் முன்னிலையில் மூன்று முறை முழுதாகத் திறந்து மூடிய பிறகே முன்பணம் கொடுங்கள்.